பிடியரிசியும் சேமிப்புப் புத்தகமும்

சென்ற சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்தபின், மேல்வகுப்பு மாணவன் ஒருவன் என் மேசையருகே தயங்கி நின்றான். வின்டர்தூரின் இயந்திரத் தொழிலகம் ஒன்றிலே இரண்டாம் ஆண்டுத் தொழிற்பயிற்சி பெறுகின்ற பதினேழு வயதுப் பிள்ளை. "ரீச்சர், எனக்குக் கிடைக்கிற சம்பளம் முழுவதையும் அப்பா ஊருக்கு அனுப்புகிறார். கொஞ்சம் சேர்த்து வைக்கட்டோ என்று கேட்டால், அங்கே மாமி வீட்டுப் பிள்ளைகள் அரைவயிறாய்க் கிடக்க உனக்குச் சேமிப்புக் கேட்குதோ என்று ஏசுகிறார். ஆர் சொல்வது சரி?" என்றான்.

நான் அன்று விடை கூறவில்லை. வரலாறும் தமிழும் கற்பித்தே காலங்கழித்த எனக்குப் பொருளியல் அறிவு சொற்பம். ஆயினும் இக்கேள்வி எம்மவர் வீடுகள் பலவற்றில் வாய்விட்டுக் கேட்கப்படாமலே கிடக்கின்றது என்பதனால் இதனை எழுதத் துணிந்தேன்.

தந்தையார் கூறுவது பொய்யன்று. 2021-ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் தடை நீக்கப்பட்டபோதும் காலபோக வேளாண்மை அதற்குள் கெட்டுவிட்டது. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென நாடு அறிவித்தது. ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவானது. செப்ரெம்பர் மாதத்தில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட 90 வீதத்திற்கும் மேலாக உயர்ந்திருந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் அவ்வேளையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 63 இலட்சம் மக்கள், அதாவது பத்துப் பேரில் மூவர், போதிய உணவின்றி இருந்தனர்.

கிளிநொச்சிப் பகுதியில் வாழும் என் தங்கையின் வீடும் அக்கணக்கில் அடங்கியதே. அவள் தொலைபேசியில் கூறியவற்றை நான் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். இன்று புரட்டிப் பார்க்கையில் அதிலே ஓர் ஒழுங்கு தென்படுகின்றது. முதலில் இளையவனின் மண் உண்டியல் உடைந்தது. அடுத்துக் கோழிகள் போயின. பின்னர் ஆடுகள், அதன்பின் காதுத்தோடு அடகுக்குச் சென்றது. இறுதியாக, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தை விலைபேச ஆள் வந்தபோதுதான் அவள் அழுதாள். தோட்டை விற்றபோது அழாதவள் இயந்திரத்துக்கு ஏன் அழுதாள் என்று நான் அப்போது வியந்ததுண்டு. உண்டியலை உடைத்தால் அந்த வாரம் கழியும். ஆட்டை விற்றால் அந்த மாதம் கழியும். நீர் இறைக்கும் இயந்திரம் போய்விட்டாலோ அடுத்த ஆண்டு மிளகாயும் வெங்காயமும் இல்லை. அது அடுத்த ஆண்டின் பட்டினியை இவ்வாண்டே விலைக்கு வாங்குவதாகும்.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். அவ்வீட்டின் மூத்த மகளுக்கு அப்போது வயது பதினாறு. பிறந்தநாட்களுக்கும் பெரியபிள்ளையான சடங்குக்கும் கிடைத்த பணம் 42,000 ரூபா அவளது சேமிப்புப் புத்தகத்தில் இருந்தது. பதினெட்டு வயது நிரம்பும்வரை அதனை எடுக்க இயலாதென வங்கியிலே கூறிவிட்டனர். பிள்ளையின் பணத்தைப் பெற்றோர் கரைத்துவிடாதிருக்க ஏற்பட்ட நல்ல விதிதான் அது. ஆயினும் அவ்விரண்டாண்டுகளில் வீடு ஒருவேளைச் சோற்றுடன் இருக்க, புத்தகத்திலிருந்த பணம் தன் பெறுமதியை ஏறத்தாழ அரைவாசி இழந்தது. 2024-இல் அவள் அதனை எடுத்தபோது, முன்னர் இரண்டு மறியாடு வாங்கியிருக்கக்கூடிய பணத்திற்கு ஒன்றே வாங்க முடிந்தது. எஞ்சிய சிறு தொகைக்குக் கோழிகள் வாங்கினாள்.

இதனைக் கேட்போர் "அதற்குத்தான் நாங்கள் பவுணில் போடுகிறோம்" என்பர். அவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. 1995 ஒக்ரோபர் 30-ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நானும் நடந்தேன். ஆசிரியப் பணியில் அப்போது புதியவள். சேமிப்புப் புத்தகம் பத்திரமாக மடியில் இருந்தது. ஆனால் அம்மாவின் காப்பொன்றே எமக்கு இரண்டு மாதம் சோறு போட்டது. ஓடநேர்ந்த இனம் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதையே நம்பும்.

எனினும் காப்பு முட்டையிடாது, குட்டி போடாது. எங்கள் அம்மம்மா சேமித்த முறை வேறு. உலையிடுமுன் அளந்த அரிசியில் ஒரு பிடியை மீள அள்ளி வேறொரு பானையில் இடுவார். அதுதான் பிடியரிசி. அதனோடு கோற்காலியில் நெல், பரணிலே ஒடியல், ஓலைப்பெட்டியில் பனாட்டு, வளவிலே நாலு முருங்கை. மாரி மழையில் கூலிவேலை நின்று, புதுநெல்லும் வராத மாதங்களுக்கு ஒடியற் கூழ் இருந்தது. அவற்றைச் சொத்து என்று எவரும் அன்று எழுதி வைக்கவில்லை.

சேமிப்பிலே தவறினோர் கடனிலே விழுந்த கதையும் நீண்டது. போருக்குப்பின் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டு வாசல்வரை வந்த நுண்கடன்களின் வட்டி தாங்கமுடியாததாகி, 2018-இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. எமது ஊர்களிலே 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் நன்கு இயங்கிய இடங்களில் இத்துன்பம் குறைந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆபிரிக்காவின் கானா நாட்டிலே சில ஆண்டுகளுக்கு முன் வங்கியாளர் பாடசாலைக்கே சென்று இளையோரின் சில்லறையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தனர். நல்ல முயற்சியே. ஆனால் பிள்ளை வங்கிக்கு எட்டினாலும் பானையில் அரிசி வேண்டுமே.

இந்தச் சுவிஸ் நாடும் பட்டினி அறியாததன்று. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக அடுத்த ஆண்டு இங்கே கோடையே வரவில்லை. 1816-17 பஞ்சத்தில், எமக்கு அயலிலுள்ள கிழக்குச் சுவிஸ் மலைப்பகுதி மக்கள் புல்லைத் தின்றனர். பேர்ண் நகரிலே 1787-இல் எழுந்த சேமிப்பகம் வீட்டுப் பணியாட்களுக்கென்றே அமைக்கப்பட்டது. செல்வந்தர் நாடு என்று நாம் எண்ணும் இந்நாட்டின் சேமிப்புப் பழக்கம் வேலைக்காரப் பெண்களின் சில்லறையிலும் வேர்கொண்டது.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். சுவிஸ் குடியியற் சட்டத்தின் 323-ஆம் பிரிவு, பிள்ளை தன் உழைப்பால் ஈட்டியதைத் தானே நிர்வகிக்கலாம் என்கிறது. பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தால், தன் பராமரிப்புக்குத் தகுந்த பங்கைத் தருமாறு அவர்கள் கேட்கலாம் என்றும் கூறுகிறது. முழுச் சம்பளத்தையும் எடுத்துக்கொள்ளும் உரிமை தகப்பனுக்கு இல்லை. அதற்காகச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் முன் செல்லும்படி நான் பையனுக்குச் சொல்லப்போவதில்லை. அந்த மனிதர் உணவகச் சமையலறையில் இரவு பதினொரு மணிவரை நின்று, தன் சம்பளத்திலும் பாதியை அனுப்புகின்றவர்.

ஞாயிறன்று அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தேநீர் தந்தார்கள். "தம்பி, மாதாமாதம் அரிசிக்கு அனுப்புவது சரி. அதில் ஒரு பங்கை ஆறு மாதம் இங்கே மகனின் கணக்கிலேயே பிடித்துவைத்து, ஒரே தொகையாய்த் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கோ ஆட்டுக்கோ அனுப்பினால் என்ன? மற்றப் பங்கு அவனுடையதாய் இருக்கட்டும்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அக்கா, அவளுக்கு ஆறு மாதம் பொறுக்கேலாது" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. பையனின் தாய் மட்டும் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்து, கூலிவேலை குறைகின்ற மாரி மாதங்களில் வழமைபோல அனுப்பி, மற்ற மாதங்களில் பிடித்துவைக்கலாமோ என்று மெல்லக் கேட்டார். எனக்குத் தோன்றாத யோசனை அது. கணவரிடம் கதைத்துப் பார்ப்பதாகக் கூறியிருக்கிறார்.

தங்கை மகளின் கோழிகளில் இரண்டைக் கீரி கொண்டுபோய்விட்டதாம். மறியாடு சினையாயிருக்கிறது.