வெள்ளி நாணயத்தின் மெய்யும் பொய்யும்

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல் காசையும் உணர்த்தும். சொற்றவறாத நேர்மையையும் உணர்த்தும். கள்ள நாணயம் இவ்விரண்டிற்கும் ஒருங்கே பகையாவது. சில்லறைக் காசொன்று கள்ளக்காசாயின் நட்டம் சிறிது. சேமிப்பாக வாங்கிய வெள்ளி நாணயம் பொய்யாயினோ, பெட்டியிற் பூட்டி வைத்த காலமெல்லாம் அது வெளிப்படாது. பிள்ளையின் படிப்புக்கோ நோயாளியின் மருந்துக்கோ விற்கச் செல்லும் அன்றே வெளிப்படும். ஆதலால் வாங்கும்போதே சோதிக்கும் வகையை அறிந்திருத்தல் நன்று.

ஈண்டுக் கூறப்படும் நாணயங்கள், முகத்திற் பொறித்த மதிப்புக்காகவன்றி அவற்றிலுள்ள வெள்ளியின் விலைக்காகவே வாங்கப்படுவன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1986 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் கழுகு நாணயம் இவற்றுட் பெயர்பெற்றது. அதன் முகமதிப்பு ஒரு டொலர். நிறை ஒரு துரோய் அவுன்சு, அதாவது 31.103 கிராம், விட்டம் 40.6 மில்லிமீற்றர், தடிப்பு 2.98 மில்லிமீற்றர், வெள்ளி நூற்றுக்கு 99.9 பங்கு. நாணயசாலை வெளியிடும் இவ்வளவுகளே சோதனைக்கு அடிப்படையாகும்.

பொற்கொல்லர் தொன்றுதொட்டுக் கையாண்டுவருவது உரைகல். அமிலத் துளியிட்டு நிறமாற்றத்தைக் காண்பதும் அதனோடொத்த முறையே. இவை இரண்டும் மேற்பரப்பையே சோதிப்பன. செம்பின்மேல் வெள்ளிமுலாம் பூசிய நாணயம் இவற்றில் எளிதிலே தேறிவிடும். மெய்யான நாணயமோ வடுப்பட்டு விலை குறையும். ஆகவே, நாணயத்தின் உள்ளீட்டை ஊறின்றி அறியும் வழியே வேண்டப்படுவது.

அவ்வழியைக் காட்டியவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிற் சிராக்கூசு நகரில் வாழ்ந்த ஆக்கிமிடீசு ஆவர். அரசனின் பொன்முடியில் வெள்ளி கலந்திருந்ததை, முடியைச் சிதைக்காமல் நீரில் அமிழ்த்தியே அவர் கண்டறிந்தார் என்று உரோமானியராகிய வித்துருவியசு கூறுவர். அதே தத்துவத்தை இன்று வீட்டிலேயே கையாளலாம். ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசின்மேல் நீர் நிறைந்த கிண்ணமொன்றை வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொணர்க. நாணயத்தை மெல்லிய நூலிற் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாதவாறு முற்றாக நீரில் தொங்கவிடுக. குமிழிகள் ஒட்டியிருப்பின் அகற்றுக. அப்பொழுது தராசு காட்டும் கிராமே நாணயத்தின் கனவளவைக் கன சென்ரிமீற்றரில் தரும். கழுகு நாணயத்துக்கு இது ஏறத்தாழ 2.97 ஆகும். நிறையை இதனால் வகுத்தால் வெள்ளியின் அடர்த்தியாகிய 10.49 இற்கு மிக அண்மையான எண் கிடைக்கும்.

செம்பின் அடர்த்தி 8.96 மாத்திரமே. அளவிற் சரியான செம்பு நாணயம் ஏறத்தாழ 26.6 கிராமே நிறுக்கும். நிறையிற் சரியாக்கினால் தடிப்பு ஆறிலொரு பங்கு மிகும். நிறையும் அளவும் ஒருங்கே பொருந்துமாறு செம்பினாற் செய்தல் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் அடர்த்தி ஒன்றே போதுமோ எனின், போதாது. ஈயத்தின் அடர்த்தி 11.34, வெள்ளீயத்தினது ஏறத்தாழ 7.3. இரண்டையும் தக்க அளவிற் கலந்தால் வெள்ளியின் அடர்த்தியையே பெறலாம். அதன்மேல் முலாம் பூசினால் தராசும் நீரும் ஏமாந்துபோகும்.

இவ்விடத்திலே வேறு இரண்டு சோதனைகள் துணைக்கு வருகின்றன. முதலாவது ஓசை. நாணயத்தை விரல்நுனியிற் சமனிலையாக வைத்து, மற்றொரு நாணயத்தால் மெல்லத் தட்டினால், வெள்ளி தெளிந்த மணியோசை எழுப்பி நெடுநேரம் ஒலிக்கும். ஈயக்கலவை மந்தமாக ஒலித்து அடங்கும். இரண்டாவது கடத்துந்திறன். உலோகங்கள் அனைத்துள்ளும் வெப்பத்தையும் மின்னையும் மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. அதனால் நாணயத்தின்மேல் வைத்த பனிக்கட்டி விரைவாக உருகும். வலிய காந்தமொன்றைச் சாய்த்த நாணயத்தின்மேல் விட்டால், அது ஒட்டிக்கொள்ளாமலும் விரைந்து வீழாமலும் தயங்கித் தயங்கி நழுவும். காந்தத்தின் அசைவினால் உலோகத்தில் எழும் மின்னோட்டம் அவ்வசைவையே எதிர்ப்பதுதான் இதற்குக் காரணம். ஈயத்தின் மின்கடத்துந்திறன் வெள்ளியினதில் பத்திலொன்றிலுங் குறைவாதலின், ஈயக்கலவையில் இத்தயக்கம் தெளிவாகத் தோன்றாது. காந்தம் இறுக ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரும்பேயாம்.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. செம்பு கடத்துந்திறனில் வெள்ளிக்குச் சற்றே குறைந்தது. ஆகையாற் பனிக்கட்டியும் காந்தமும் அதனைக் காட்டிக்கொடா. அதனைக் காட்டிக்கொடுப்பது அடர்த்தி. ஈயக்கலவையோ அடர்த்தியிலே தப்பி, ஓசையிலும் கடத்துந்திறனிலும் அகப்படும். ஒரு சோதனையின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. நிறை, அளவு, ஓசை, கடத்துந்திறன் என்னும் இவையெல்லாம் ஒருங்கே பொருந்த வேண்டுமாயின், கள்ள நாணயம் செய்வோனுக்கு வெள்ளியையே வாங்குவதன்றி வேறு வழி அரிது.

எனினும் ஆண்டையும் வகையையும் நோக்காது முடிவு கூறலாகாது. பிரித்தானியா எனப் பெயரிய வெள்ளி நாணயம் 2012 வரை நூற்றுக்கு 95.8 பங்கு வெள்ளியாகவே இருந்தது; அதன் நிறை 32.45 கிராம், அடர்த்தி ஏறத்தாழ 10.4. 2013 முதலே அது 99.9 பங்காயிற்று. இதனை அறியாதவன் மெய்யையும் பொய்யென்று தள்ளிவிடுவான்.

நாணயசாலைகளும் வாளாவிருக்கவில்லை. இங்கிலாந்தில் வெள்ளி நாணயங்களின் ஓரத்தை வெட்டித் திருடும் வழக்கம் மிகுந்தபொழுது, ஓரத்திற் பொறிப்பிடுதல் அதற்குத் தடையாயிற்று. 1696 இல் அந்நாட்டு நாணயசாலையின் காப்பாளராகிய ஐசாக்கு நியூற்றன், கள்ள நாணயக்காரரைத் தாமே தேடிப் பிடித்தார். அவருட் பெயர்போன வில்லியம் சலோனர் 1699 இல் தூக்கிலிடப்பட்டான். இன்றுங் காவல் ஓரத்திலேயே நிற்கின்றது: 2021 இற் புதுக்கிய கழுகு நாணயத்தின் ஓர வரிகளிடையே ஓரிடம் வேண்டுமென்றே மாற்றப்பட்டுள்ளது. அதே ஆண்டுப் பிரித்தானியாவில், சாய்த்துப் பார்க்குந்தோறும் திரிசூலமும் பூட்டும் மாறிமாறித் தோன்றும்.

ஒரு சோதனையில் தவறிய நாணயத்தைத் தள்ளிவிட அதுவொன்றே போதும். ஒரு சோதனையில் தேறியதை ஏற்றுக்கொள்ள அதுவொன்று போதாது. வெள்ளியின் விலைக்குங் குறைவாக நாணயம் விற்க வருபவனைக் கண்டால், தராசை எடுக்குமுன்னரே ஐயமும் எழவேண்டும். ஐயத்தின்பின் அளந்து தெளிதலே அறிவு. அது காசுக்கு மாத்திரமன்றிக் கேட்கும் சொல்லுக்கும் பொருந்தும்.