வண்ண மீன் தொட்டிக்குப் பம்பு வாங்குமுன் உயரத்தை அளவிடுங்கள்

சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் வண்ண மீன் வளர்ப்பு ஒரு குடிசைத் தொழிலாகவே வளர்ந்துள்ளது. வீட்டு மாடியிலும் கொல்லையிலும் வரிசையாகத் தொட்டிகளை அமைத்து கப்பி, மோலி, ஏஞ்சல், தங்க மீன் ஆகியவற்றை இனப்பெருக்கம் செய்யவைத்து விற்கின்றனர். இத்தொழிலில் நாள் தவறாமல் செய்யவேண்டிய வேலை தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதுதான்.

தொட்டிக்கு ஒரு வடிகட்டி வைத்தால் செலவும் கழுவும் வேலையும் அதிகம். ஆகையால் எல்லாத் தொட்டிகளின் நீரையும் கீழே ஒரே சம்ப் தொட்டிக்கு வடியவிட்டு, அங்கே வடிகட்டி, பம்பு மூலம் மறுபடி மேலேற்றும் முறையைப் பலர் கையாளுகின்றனர். மாடியில் பாரம் குறையும். மீன்களைக் கலைக்காமல் சம்பைக் கழுவலாம். ஆனால் சம்ப் எட்டப் போகப் போக, பம்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் கூடுதலாக வேண்டும். இங்கே செய்யும் பிழை ஒரே இரவில் மீன்களையும் கொல்லும்; மாதாமாதம் மின் கட்டணத்திலும் பணத்தைக் கரைக்கும்.

எவ்வளவு நீர் வேண்டும்?

முதலில் தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். நன்னீர் வண்ண மீன்களுக்கு மணிக்கு இரண்டு முறை நீர் முழுவதும் சுற்றி வந்தால் பொதுவாகப் போதும். தொட்டிகளின் மொத்த அளவு 2,000 லிட்டர் என்று கொள்வோம். மணிக்கு 4,000 லிட்டர் நீர் மேலே வந்து சேரவேண்டும். பம்பிலிருந்து புறப்படும் அளவை நம்பிப் பயனில்லை. தொட்டியில் வந்து விழும் அளவுதான் முக்கியம்.

பெட்டியில் எழுதியுள்ள கணக்கு

பம்புப் பெட்டியின்மேல் “மணிக்கு 6,000 லிட்டர், உயரம் 4.5 மீட்டர்” என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்று எண்ணி வாங்குவோர் பலர். அது தவறு. 6,000 லிட்டர் என்பது நீரைச் சற்றும் உயர்த்தாமல் இறைக்கும்போது வரும் அளவு. 4.5 மீட்டர் என்பது நீர் ஏறி நின்றுவிடும் உயரம். அங்கே ஒரு சொட்டும் வெளியே விழாது. இப்பம்பைக் கொண்டு 3.5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் பாதி நீர் கிடைப்பதே அரிது. எனவே எந்த உயரத்தில் எத்தனை லிட்டர் என்று காட்டும் வரைபடத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது இல்லாத பம்பைத் தவிர்ப்பது நலம்.

உயரமும் உராய்வும்

உயரத்தைச் சம்பின் நீர்மட்டத்திலிருந்து, குழாய் செல்லும் மிக உயர்ந்த இடம் வரை அளக்கவேண்டும். பம்பு நீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது கணக்கில் வராது. கொல்லைச் சம்பிலிருந்து முதல் மாடித் தொட்டிக்கு 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது உராய்வு. படுக்கையாகச் செல்லும் குழாய் உயரத்தைக் கூட்டாவிட்டாலும், நீர் அதன் சுவரில் உரசிச் செல்வதால் பம்புக்குச் சுமை ஏறுகிறது. மேற்சொன்ன 4,000 லிட்டரை 14 மீட்டர் நீளமும் ஆறு எல்போக்களும் கொண்ட குழாயில் அனுப்புவதாகக் கொள்வோம். குழாயின் உள் விட்டம் 25 மி.மீ. ஆனால் உராய்வே ஏறத்தாழ 3.9 மீட்டர் உயரத்துக்குச் சமம். பம்பு தாங்கவேண்டிய மொத்த உயரம் 7.4 மீட்டர். அதே குழாய் 40 மி.மீ. உள் விட்டமாயின் உராய்வு அரை மீட்டருக்குள் அடங்கும். மொத்தம் 4 மீட்டர்தான்.

பி.வி.சி. குழாயில் நாம் சொல்லும் 25, 40, 50 மி.மீ. ஆகியவை வெளி விட்டத்தைக் குறிப்பவை என்பதை மறக்கவேண்டாம். உள்ளே 40 மி.மீ. வேண்டுமானால் 50 மி.மீ. குழாயைத்தான் வாங்கவேண்டும். பம்பின் வாய் சிறிதாக இருந்தால் அதை ஒட்டியே பெரிய குழாய்க்கு மாற்றிவிடலாம். எல்போக்களைக் குறைத்து, வளைவான பெண்டுகளைப் போடுவதும் நல்லது.

மின் செலவு

வயல் மோட்டார் போல இது சில மணி நேரம் ஓடி நிற்பதல்ல. இரவும் பகலும் ஓடுவது. நல்ல சிறு பம்பின் திறன் 40 சதவீதம் என்று கொண்டால், பெரிய குழாய்க்குச் சுமார் 110 வாட்டும், சிறிய குழாய்க்குச் சுமார் 200 வாட்டும் செலவாகும். மாதத்துக்கு 65 யூனிட்டுக்கு மேல் வேறுபாடு. குழாயில் மிச்சம் பிடித்த பணத்தை மின் கட்டணமாக ஆண்டு முழுவதும் கட்ட நேரிடும்.

வீட்டில் இருக்கிறதே என்று அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக்கைப் பொருத்துவதும் சரியல்ல. அது மாடித் தொட்டியை நிரப்ப உதவும். ஓய்வின்றி ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் பித்தளைப் பாகங்களிலிருந்து தாமிரம் நீரில் கரைந்தால் மீனுக்குக் கேடு. இறாலுக்கு இன்னும் கேடு. நீர்படும் பாகங்கள் பிளாஸ்டிக்காலும் பீங்கானாலும் ஆன, தொடர்ந்து ஓடக்கூடிய பம்பே ஏற்றது. நீரைக் குறைக்கவேண்டி வந்தால் வெளியேறும் குழாயில் வால்வு வைத்துக் குறைக்கலாம். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் அடைக்கக்கூடாது.

மின்சாரம் நின்றால்?

பலர் பாடம் கற்பது இங்கேதான். பம்பு நின்றவுடன் தொட்டிகளில் வடிகுழாய் மட்டத்துக்கு மேலுள்ள நீரும், குழாயில் உள்ள நீரும் சம்புக்குத் திரும்பும். தொட்டிகளின் மொத்தப் பரப்பு 5 சதுர மீட்டர் என்றால், 3 செ.மீ. இறங்கினாலே 150 லிட்டர். அதோடு குழாய் நீரையும் சேர்த்து, சம்பில் குறைந்தது 200 லிட்டருக்கு இடம் காலியாக இருக்கவேண்டும்.

நீர் விழும் குழாயின் முனை தொட்டிக்குள் 15 செ.மீ. மூழ்கியிருந்தால் ஆபத்து பெரிது. பம்பு நின்றதும் அதே குழாய் நீரைத் திருப்பி உறிஞ்சும். எல்லாத் தொட்டிகளிலும் அப்படியிருந்தால் 750 லிட்டர் வரை கீழே இறங்கிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் கொல்லை முழுதும் வெள்ளம். பம்பு மறுபடி ஓடும்போது சம்பில் நீர் போதாது. என்.ஆர்.வி. வால்வை மட்டும் நம்பவேண்டாம். ஒரு நத்தையோ பாசியோ சிக்கினால் அது மூடாது. முனையை நீர்மட்டத்தை ஒட்டியே வைத்து, மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையும் இடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து உறிஞ்சுதல் நின்றுவிடும். மாதம் ஒரு முறை துளையைக் குத்திச் சுத்தம் செய்யவேண்டும்.

வடிகுழாய் அடைத்துக்கொண்டால் நிலைமை தலைகீழாகும்; பம்பு சம்பைக் காலி செய்து தொட்டிகளை வழியவிடும். ஆகவே வடிகுழாய் ஏற்று குழாயைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். அதில் வால்வு கூடாது. சம்பில் மிதவை சுவிட்சு ஒன்று வைத்தால், நீர் குறைந்ததும் பம்பு தானே நின்றுவிடும்.

நீரோட்டம் பல மணி நேரம் நின்றால் வடிகட்டியில் உள்ள நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவின்றி மடியும்; அம்மோனியா கூடி மீன்கள் சாகும். ஒரே பெரிய பம்பைவிட இரண்டு சிறு பம்புகளைத் தனித்தனிக் குழாயில் ஓட்டுவது பாதுகாப்பு. ஒன்று பழுதானாலும் பாதி நீர் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். மின் இணைப்பில் இ.எல்.சி.பி. அவசியம் பொருத்தவேண்டும். சுவிட்சை அணைக்காமல் நீரில் கை வைக்கக்கூடாது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பொதுச் சம்ப் நோயையும் பொதுவாக்கும். புதிதாக வாங்கிய மீனைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கவும்.

சோதித்துப் பாருங்கள்

பம்பைப் பொருத்தியபின் மேல் தொட்டியில் விழும் நீரை 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 18 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 4,000 லிட்டர். இரு பம்பானால் இரண்டும் சேர்ந்து இந்த அளவைத் தரவேண்டும். பிறகு, பக்கத்தில் நின்றுகொண்டே சுவிட்சை அணைத்து, சம்ப் வழிகிறதா என்று பாருங்கள். பகலில் கண் முன்னே வழிந்தால் திருத்திக்கொள்ளலாம். நள்ளிரவில் வழிந்தால் நஷ்டம்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாளிச் சோதனையைச் செய்தால் குழாயில் பாசி படிவதும் தெரிந்துவிடும்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேவையான லிட்டர், அளந்த உயரம், குழாயின் உள் விட்டமும் நீளமும், எல்போக்களின் எண்ணிக்கை. “4 மீட்டர் உயரத்தில் 4,000 லிட்டருக்குச் சற்று மேல் தரும் பம்பு வேண்டும்” என்று கேளுங்கள். “பெரிய பம்பு கொடுங்கள்” என்று கேட்டால், கடைக்காரர் பெரிய பம்பைத்தான் கொடுப்பார்.