நகரம் விழுங்கும் மீன் குளங்கள்

கொல்கத்தாவின் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் ஈரநிலத்தைக் கட்டடங்கள் நெருக்குகின்றன

விடிவதற்குள் வலைகள் இழுக்கப்பட்டுவிடுகின்றன. அலுமினியப் பாத்திரங்களில் துள்ளும் ரோகுவும் கட்லாவும் சந்தைக்குப் போய்ச் சேரும்போது நகரம் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் 'பேரி' எனப்படும் இந்த மீன் குளங்களுக்கு வந்து சேருவது அதே நகரத்தின் சாக்கடை நீர்தான்.

இதில் மந்திரம் எதுவுமில்லை. கால்வாய் வழியே வரும் கழிவு நீரை ஆழமில்லாத குளங்களில் தேக்குகிறார்கள். பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. வெயிலில் பாசி வளர்கிறது. அதை மீன்கள் தின்கின்றன. தெளிந்த நீர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. அருகே தாபாவில், மக்கிய குப்பை மண்ணில் காய்கறி விளைகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும் செலவில் செய்யும் வேலையை இந்த நிலம் இலவசமாகச் செய்கிறது. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் 2018இல் மறைந்த பொறியாளர் துருபஜோதி கோஷ்.

இலவசம் என்பதுதான் சிக்கல். மனை விலை பேசுபவர்களின் கணக்கில் அந்தச் சேவைக்கு மதிப்பே இல்லை. 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொண்டுவந்து நீர்நிலைகளைத் தூர்த்துத்தான் சால்ட் லேக் நகரியம் எழுந்தது. பின்னர் கிழக்குப் புறவழிச் சாலை வந்தது. அதையொட்டிக் கட்டடங்கள் வந்தன. வடக்கே ராஜர்ஹாட் வயல்களில் புதுநகரம் முளைத்தது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்றியது. ஆனாலும் ஆக்கிரமிப்பு நின்றபாடில்லை.

குளத்தை ஒழிக்க லாரி லாரியாக மண் கொட்டத்தான் வேண்டும் என்பதில்லை. கால்வாயில் வண்டல் சேர்ந்து கழிவு நீர் வரத்துக் குறைந்தாலே போதும். மீன் குறையும், வலை இழுப்பவருக்கு வேலை குறையும், நஷ்டத்தில் பேரி கைவிடப்படும். வறண்டு கிடக்கும் குளத்தைத் தரிசு என்று காட்டுவது எளிது.

இழப்பு மீனவர்களுக்கு மட்டுமல்ல. கொல்கத்தாவின் நிலம் ஆற்றை விட்டு விலகிக் கிழக்கு நோக்கித்தான் சரிகிறது. மழை நீரும் சாக்கடையும் வடிவது அந்தப் பக்கம்தான். அங்கே குளங்கள் அடைபட்டால் அந்தத் தண்ணீர் நகரத்துக்குள்தான் தேங்க வேண்டியிருக்கும்.