சட்டத்தின் கணக்கில் குழந்தை

ஒரு வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கலாம்? இக்கேள்விக்குச் சட்டத்தின் வாயிலாக விடை கூற முற்பட்ட நாடுகளுள் இங்கிலாந்து குறிப்பிடத்தக்கது. ஆலைகள் பெருகிய நகரங்களில் ஏழைக் குடும்பங்கள் ஒற்றை அறைகளில் நெருக்குண்டு வாழ்ந்தன. காசநோய் அங்கே எளிதிற் பரவியது. அந்நிலையை மாற்றக் கருதி, 1935ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் குடியிருப்பு நெருக்கத்தை எண்களால் வரையறுத்தது. அவ்வரையறையே 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்று, இன்றளவும் நடைமுறையில் உள்ளது.

அதன் விதிகள் இரண்டு. முதலாவது, பத்து வயது நிரம்பிய ஆணும் பெண்ணும், கணவன் மனைவியராய் வாழ்வோர் நீங்கலாக, ஒரே அறையில் உறங்க வேண்டிய நிலை ஏற்படலாகாது. இரண்டாவது, இடக் கணக்கு. 110 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள அறைக்கு இருவர்; 90 முதல் 110 வரை ஒன்றரை ஆள்; 70 முதல் 90 வரை ஒருவர்; 50 முதல் 70 வரை அரை ஆள். அறைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: ஓர் அறைக்கு இருவர், இரண்டறைக்கு மூவர், மூன்றறைக்கு ஐவர். இரு கணக்குகளுள் எது குறைவோ அதுவே கொள்ளப்படும்.

‘அரை ஆள்’ என்பது யார்? ஒரு வயது நிரம்பிய, பத்து வயதுக்குட்பட்ட குழந்தை. ஒரு வயது நிரம்பாத சிசுவோ கணக்கிலேயே சேராது! மேலும், படுக்கையறை மட்டுமன்றிக் கூடமும் உறங்கும் அறையாகவே எண்ணப்படும்.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். விசாலமான ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் உள்ள வீடு. அங்கே தாய், தந்தை, ஏழு வயதிலும் ஐந்து வயதிலும் இரு பிள்ளைகள், ஆறு மாதக் கைக்குழந்தை. ஐந்து உயிர்கள், சட்டத்தின் கணக்கிலோ மூவர். ஆகவே நெருக்கடி இல்லை! குழந்தையின் முதல் பிறந்தநாளன்று கணக்கு மூன்றரை ஆகிறது. வீடு வரம்பை மீறுகிறது. அந்நாட்டு அரசின் புள்ளிவிவரங்களில் கையாளப்படும் படுக்கையறைக் கணக்கின்படியோ, இதே குடும்பத்திற்கு மூன்று படுக்கையறைகள் தேவை.

சட்டம் இயற்றியோர் இரக்கமற்றவர் அல்லர். வரம்பை உயர்த்தியிருந்தால், போக்கிடமற்ற எண்ணற்ற குடும்பங்கள் குற்றவாளிகளாகியிருக்கும். உடனே செயற்படுத்தத் தக்க குறைந்த அளவையே அவர்கள் குறித்தனர். பிள்ளைகள் வளர்ந்ததால் மட்டும் வரம்பு மீறப்படுமாயின், மாற்று வீடு கோரி உள்ளாட்சி மன்றத்திற்கு விண்ணப்பித்த குடும்பம் குற்றம் புரிந்ததாகாது என்ற விலக்கும் உண்டு. ஆயினும் அன்றைய அந்தக் குறைந்த அளவு, தலைமுறைகள் கடந்தும் உயரவில்லை. பல குடும்பத்தார் பகிர்ந்து வாழும் உரிமம் பெற்ற வீடுகளுக்கு 2018இல் விதிக்கப்பட்ட உறங்கும் அறையின் அளவுகளும் அதே 50, 70, 110 சதுர அடிகளே. சதுர மீட்டரில் எழுதப்பட்டன, அவ்வளவே.

குறைந்த அளவு என்பது, அதற்குக் கீழே எவரும் தாழாதிருக்க இடும் தளம். அதுவே போதும் எனக் கட்டும் கூரை அன்று. வீடு கட்டுவோரும் வாடகைக்கு விடுவோரும் சதுர அடியை அளப்பது முறையே. அதனுடன், வளரும் பெண் உடை மாற்ற மறைவுண்டா, பள்ளிப் பிள்ளை படிக்க மூலையுண்டா, நோயுற்ற முதியவர் காலை நீட்டிப் படுக்க இடமுண்டா என்பதையும் அளக்க வேண்டும். அக்கணக்கில் அரை ஆளும் இல்லை, சுழியமும் இல்லை.