பால்வாடி வாசலில் தினமும் பஞ்சாயத்து!

காலை 9 மணி. வடசென்னையில் ஒரு சந்து. பால்வாடி வாசலில் ஒரு தாய் நிற்கிறாள். இடுப்பில் 3 வயதுப் பையன். கையில் ஒயர் கூடை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிறவள். முதல் வீட்டுக்கு ஏற்கனவே லேட்டு.

டீச்சர் பையனின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார்.

"என்னம்மா, ஒடம்பு சுடுதே?"

"ராத்திரி லேசா சுட்டுச்சு டீச்சர். மருந்து ஊத்தினேன். இப்போ சரியாப் பூடுச்சு."

"மருந்து வேகம் இருக்கிற வரைக்கும் இறங்கும். மத்தியானம் திரும்ப ஏறுமே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா."

"லீவு போட்டா சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. நீங்க குடுப்பீங்களா டீச்சர்?"

டீச்சரிடம் பதில் இல்லை. தாய்க்கும் வேறு வழி இல்லை. நடுவில் பையன் மட்டும் சிணுங்குகிறான்.

இது ஒரு நாள் கூத்து அல்ல. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் தினம் நடக்கிற பஞ்சாயத்து. சாப்பாடு, காய்ச்சல், கூட்டிப் போகிற நேரம். இந்த மூன்றில்தான் மோதல்!

டப்பாவில் என்ன?

போர்டில் "அங்கன்வாடி" என்று எழுதியிருந்தாலும் சென்னைத் தாய்மார்கள் வாயில் வருவது "பால்வாடி"தான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல் வந்தது. 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2 வயதுப் பிள்ளைக்கும் மத்தியானச் சோறு கிடைத்தது. முதலில் கிராமங்களில். அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களிலும் அடுப்பு எரிந்தது.

1989-ல் 15 நாளைக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தார்கள். இன்று பால்வாடிப் பிள்ளைக்கு வாரம் 3 முட்டை. முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம். "இன்னிக்கு முட்டை உண்டா ஆயா?" என்று கேட்டுக்கொண்டேதான் பல வாண்டுகள் உள்ளே நுழைகின்றன.

காசு கட்டிச் சேர்க்கிற காப்பகங்களில் கதை வேறு. அங்கே வீட்டிலிருந்து டிபன் வரும். டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் வாங்கி வைப்பார்கள். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கெட்டி மிட்டாய் இருந்தால் திருப்பிக் கொடுத்து விடுவார்கள்.

"நான் பெத்த புள்ளைக்கு நான் கடலை குடுக்கக் கூடாதா?" என்று தாய்மார்கள் சண்டைக்கு வருவது உண்டு.

காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் சரியாக முளைத்திருக்காது. கடலையை அரைக்கத் தெரியாது. ஓடும்போதோ சிரிக்கும்போதோ அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சுக்குழாயில் ஏதோ சிக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும் பிள்ளைகளிடம் டாக்டர்கள் அடிக்கடி எடுப்பது இந்தக் கடலையைத்தான்!

இன்னொன்று, பங்கு போட்டுத் தின்னும் பழக்கம். ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்வது இன்னொரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. பாலோ முட்டையோ கடலையோ சேராமல் உடம்பு முழுக்கத் தடித்து, மூச்சு முட்டுகிற பிள்ளைகளும் உண்டு. "என் புள்ளைக்கு இது ஆகாது" என்று சேர்க்கிற அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்பதும் சும்மா வந்த விதி அல்ல. 2013 ஜூலை 16-ந் தேதி பீகார் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் துடிதுடித்து இறந்தார்கள். சமையலில் பூச்சிமருந்து கலந்திருந்தது. ஒரு வாய் ருசி என்பது ஒரு உயிர்க் காவல்!

மருந்தை மறைக்காதே!

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மை. இந்த மூன்றுக்கும் காப்பகக் கதவு திறக்காது. ஒரே பாய், ஒரே பொம்மை, ஒரே தண்ணீர்க் குடம். ஒரு பிள்ளைக்கு வந்தால் பத்துப் பிள்ளைக்கு வரும். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கூலி போகுமே என்ற பயத்தில் சில தாய்மார்கள் காலையிலேயே காய்ச்சல் மருந்தை ஊற்றி, வாயைத் திறக்காமல் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆபத்து அங்கேதான்! மத்தியானம் காய்ச்சல் ஏறும். விஷயம் தெரியாமல் யாராவது மறுபடி அதே மருந்தை ஊற்றினால் அளவு மிஞ்சும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். "எத்தனை மணிக்கு, எவ்வளவு ஊத்தினேன்" என்ற ஒரு சொல் பிள்ளையைக் காப்பாற்றும்.

அக்காளின் கடைசி பீரியடு

மூன்றாவது பஞ்சாயத்துதான் பெரிய பஞ்சாயத்து. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப் போவது யார்?

பெயர் கொடுத்த ஆளிடம்தான் பிள்ளையை விடுவார்கள். "மாமா வந்திருக்கேன்" என்று யாரோ வந்து நின்றால் அனுப்ப முடியாது. நல்ல விதிதான். ஆனால் பால்வாடி பூட்டுகிற நேரத்தில் தாய் மூன்றாவது வீட்டில் துணி அலசிக்கொண்டிருப்பாள். அப்போது வாசலில் வந்து நிற்பது யார்? ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற அக்காள்! பள்ளிக்கூடத்தில் கடைசி பீரியடு போச்சு. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய படிப்பே போச்சு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. 1976-ல் அதைத் திருத்தி, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தாலே வேண்டும் என்றார்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்று 1996-ல் சட்டம் வந்தது. 50 பேர் வேலை செய்யும் ஆபீசிலும் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017-ல் சொன்னார்கள்.

எல்லாம் தலையை எண்ணிப் போட்ட கணக்கு. நாலு வீட்டில் தனியாகப் பாத்திரம் தேய்க்கிறவள் எந்தக் கணக்கில் வருவாள்? ஒரு வீட்டுக்கு அவள் ஒருத்திதானே!

சேர்க்கிற அன்றே பேசுங்கள்

பாதிச் சண்டையைத் தவிர்க்க வழி இருக்கிறது. விதிகளை வாசலில் நின்று கத்தாமல், சேர்க்கிற அன்றே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். தாயின் நம்பரோடு, அவசரத்துக்கு வரக்கூடிய அக்கம்பக்கத்து ஆள் ஒருவரின் பெயரும் நம்பரும் எழுதி வாங்க வேண்டும். தாயும் பிள்ளையின் உடம்பு பற்றி எதையும் ஒளிக்கக் கூடாது.

மீதிப் பாதி டீச்சர் கையிலும் இல்லை, தாய் கையிலும் இல்லை. காய்ச்சல் பிள்ளையோடு அவள் வீட்டில் இருந்தால் அன்றைய சம்பளத்தைப் பிடிக்காத வீட்டுக்காரர்கள் வேண்டும். வேலை முடியும் வரை திறந்திருக்கும் பால்வாடி வேண்டும்.

அதுவரைக்கும்?

பூட்டுகிற நேரம் தாண்டியும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பிள்ளையோடு வாசற்படியில் ஒரு ஆயா உட்கார்ந்திருப்பாள். "இதோ அம்மா வந்துடும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே!

அந்த நேரத்துக்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது.