ஸ்விட்ச் தொடாமலே மோட்டார் ஓடுதா? ஒரு சின்ன ரெசிஸ்டர் போதும்!

அரியலூர் மாவட்டம் தா.பழூர் போன்ற கொள்ளிடக் கரையோர ஊர்களில் போர்வெல்லும் மேல்நிலைத் தொட்டியும் அன்றாட விஷயம். தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க ஒரு அர்டுயினோ போர்டு, ஒரு மிதவை ஸ்விட்ச், ஒரு ரிலே இருந்தால் போதும். ஆனால் மேஜையில் ஒழுங்காக வேலை செய்த சர்க்யூட், மோட்டார் கொட்டகைக்குப் போனதும் சொன்னபடி கேட்காது. தொட்டி வழியும், மோட்டார் நிற்காது. பல நேரம் கோளாறு புரோகிராமில் இல்லை. ஸ்விட்சை இணைத்த விதத்தில்தான்.

என்ன நடக்கிறது?

போர்டில் உள்ள இன்புட் பின்னுக்கு வோல்டேஜ் மட்டும்தான் தெரியும். 5 வோல்ட்டில் இயங்கும் அர்டுயினோ உனோவில் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 'ஹை', 1.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் 'லோ'. ஸ்விட்சின் ஒரு முனையை இன்புட் பின்னிலும், மறுமுனையை கிரவுண்டிலும் கொடுத்தால், ஸ்விட்ச் மூடும்போது 'லோ' கிடைக்கும். திறந்தால்? அந்தப் பின் எதனுடனும் சேராமல் அந்தரத்தில் தொங்கும். தொட்டி வரை போகும் நீளமான வயர் ஆன்டெனா மாதிரி பக்கத்து மின்கம்பியின் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். போர்டு அதையே சிக்னல் என்று நம்பிவிடும்.

தீர்வு என்ன?

இன்புட் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இதுதான் 'புல்-அப்'. ஸ்விட்ச் திறந்திருந்தால் உறுதியான 'ஹை'. மூடினால் 'லோ', அப்போதும் ஓடுவது 0.5 மில்லி ஆம்பியர்தான். உனோ சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் புல்-அப் இருக்கிறது. புரோகிராமில் ஆன் செய்தால் போதும். ஆனால் நீள வயருக்கு அது பலவீனம். வெளியே 1 கிலோ ஓம் போடுவது நல்லது. ஈஎஸ்பி32 வாங்கியவர்கள் கவனிக்க: அதில் 34 முதல் 39 வரையிலான பின்களுக்கு உள் புல்-அப் கிடையாது. வெளியே போடும் ரெசிஸ்டரையும் 5 வோல்ட்டில் அல்ல, 3.3 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும்.

ஒரு அழுத்தம், பல சிக்னல்

ஸ்விட்சின் உலோக முனைகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும். ஒருமுறை அழுத்தினால் போர்டு பலமுறை என்று எண்ணும். பட்டனுக்கு 50 மில்லி விநாடி பொறுத்து மறுபடி பார்த்தால் சரியாகிவிடும். தண்ணீர் அலையில் ஆடும் மிதவைக்குச் சில விநாடிகள் தேவை.

எலி வயரைக் கடித்தால்?

இதுதான் முக்கியம். தொட்டி நிரம்பாதவரை ஸ்விட்ச் மூடியிருக்க வேண்டும், நிரம்பினால் திறக்க வேண்டும். 'லோ' என்றால் ஓடு, 'ஹை' என்றால் நில். இப்படி அமைத்தால், வயர் அறுந்தாலும் புல்-அப் 'ஹை' காட்டும், மோட்டார் நின்றுவிடும். தலைகீழாக அமைத்தால், அறுந்த வயர் 'இன்னும் நிரம்பவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தண்ணீரும் கரன்டும் வீண்.

மிதவை வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மாட்டி முடித்ததும் ஒரு சோதனை: மோட்டார் ஓடும்போது போர்டிலிருந்து மிதவை வயரைக் கழற்றுங்கள். மோட்டார் நின்றால், இணைப்பு சரி.