சோறு உதிர்வதும் குழைவதும் யார் கையில்?

சிந்தாதிரிப்பேட்டைக்கும் மாவுச்சத்துக்கும் பழைய உறவு உண்டு. 1734-ல், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்தோடும் இடத்திலிருந்த சுங்குராம செட்டியின் தோட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்தியது. பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால்தான் தறியில் இழை அறாமல் ஓடும். காய்ந்ததும் நூலின் மேல் படலமாக இறுகும் அரிசிக் கஞ்சிக்கு வலுவைத் தருவது அமைலோஸ்.

இன்று அதே பேட்டையில் அந்த அமைலோஸின் வேலையைச் சோற்றுப் பானையில் பார்க்கலாம். மாவுச்சத்தில் இரண்டு வகை: கிளையில்லாமல் நீளும் அமைலோஸ், கிளைத்துப் படரும் அமைலோபெக்டின். அமைலோஸ் மிகுந்தால் சோறு உதிரியாக வரும், ஆறினால் விறைக்கும். குறைந்தால் குழைந்து ஒட்டும். நம் ஊர் இண்டிகா ரகங்கள் பலவற்றில் அது 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஜப்பானிய ரகங்களில் 20-க்குள் அடங்கிவிடும். ஒட்டரிசியில் அநேகமாக இல்லை.

இந்த வித்தியாசத்தின் வேர், நெல்லின் ஆறாவது குரோமோசோமில் உள்ள ‘வேக்ஸி’ மரபணு. அமைலோஸைக் கட்டும் நொதிக்கான குறிப்பு அதில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பை முதலில் ஆர்என்ஏ நகலாக எடுத்து, நடுவே உள்ள வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கிய பிறகே நொதி உருவாகும். வெட்ட வேண்டிய முதல் இடத்தில் ‘ஜி’ என்ற எழுத்து ‘டி’ ஆகிவிட்டதை ஜப்பானிய ரகங்களில் 1998-ல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அந்த ஓரெழுத்தில் வெட்டு தடுமாறுகிறது. நொதிக்கான குறிப்பில் பழுதில்லை. உருப்படியாகத் தேறும் நகல்கள்தான் குறைவு.

வேக்ஸி தனியாகவும் இயங்குவதில்லை. ‘பிஜிப்58’ என்ற புரதம் மாவுச்சத்து மரபணுக்கள் பலவற்றின் தலைப்பகுதியில் அமர்ந்து அவற்றை முடுக்குகிறது. ‘ஆர்எஸ்ஆர்1’ அடக்கி வைக்கிறது. அது செயலிழந்த பயிரில் அந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன.

இதெல்லாம் நடப்பது, பூத்த பின் கதிர் பால் பிடித்து மணி முற்றும் சில வாரங்களில். அப்போது வெயில் கொளுத்தினால் வேக்ஸியின் வேகம் குறைகிறது. மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. மணி கண்ணாடிபோல் தெளியாமல் வெளுத்துப்போகிறது. அரவையில் நொய்யாக உடைகிறது.

அம்பாசமுத்திரம் தந்த ஏ.எஸ்.டி. 16-ஐ இட்லிக்கென்று கேட்டு வாங்குகிறோம். சூடேறும் பருவங்களில் அந்தக் குணம் நிலைக்க வேண்டுமானால், புது ரகம் தேர்வோர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு, பால் பிடிக்கும் நாட்களின் வெப்பத்தை வேக்ஸி தாங்குகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.